வரிசை முழுவதும் பார்த்திருக்க மேலாளர் திட்டினார். திங்கட்கிழமை எப்படி வேலைக்குப் போவது?

மாதனூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூர்ப் பக்கத்தில் உள்ள ஒரு காலணித் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாகத் தரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். கட்டிங் பிரிவிலிருந்து வரும் தோல் துண்டுகளை வலது, இடது என ஜோடி சேர்த்துப் பார்த்து, நிறமும் தடிமனும் ஒத்திருந்தால் மட்டுமே தையல் வரிசைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு கட்டுக்கும் என் கையெழுத்து உண்டு.

கடந்த வியாழக்கிழமை பிற்பகல், பையர், அதாவது காலணிகளை வாங்கும் நிறுவனத்தின் தரப்பிலிருந்து வந்த ஆய்வாளர், தைத்து முடித்த பழுப்பு நிறக் காலணிகளை வராந்தாவுக்கு எடுத்துச் சென்று பார்த்தார். வலது காலுக்கும் இடது காலுக்கும் நிறம் ஒத்துப்போகவில்லை என்று 64 ஜோடிகளை ஒதுக்கி வைத்துவிட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் உற்பத்தி மேலாளர் எங்கள் கூடத்துக்கு வந்தார். முதலில் தையல் இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார். நாள் முழுவதும் இரைந்துகொண்டிருக்கும் கூடம் அடங்கிய பிறகு என் மேசைக்கு முன்னால் நின்று, "கண்ணு தெரியலைன்னா வீட்டுல உக்காந்து அரிசியில கல்லு பொறுக்க வேண்டியதுதானே? உனக்கெல்லாம் யாரு இந்த வேலையைக் குடுத்தது? நஷ்டத்தை உன் சம்பளத்துல பிடிச்சாத்தான் புத்தி வரும்" என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ நாற்பது பெண்கள். அவர்களில் பாதிப் பேர் எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. மாலை பேருந்தில் ஏறியபோது, வழக்கமாக யாருக்கும் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுக்காத ஓர் அக்கா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். மேலாளரின் பேச்சைவிட அந்த இரக்கம்தான் என்னை அதிகமாக வருத்தியது.

வெள்ளியும் சனியும் விடுப்பு எடுத்துக்கொண்டேன். "சம்பளம் கொடுக்கிறவர்கள் நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வார்கள்" என்கிறார் மாமியார். "வேலையை விட்டுவிடு" என்கிறார் கணவர். இரண்டுமே எனக்குப் பொருந்தவில்லை. கையெழுத்து என்னுடையது என்பதால் தவறு என்னுடையதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொற்கள் என் தவறுக்கான கூலி என்று ஏற்றுக்கொள்ளவும் மனம் வரவில்லை. திங்கட்கிழமை அந்த நாற்பது பேரின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் என் கேள்வி.

காட்பாடிக்காரன்:

சகோதரி, நீங்கள் பேசாமல் இருந்தது தவறில்லை. ஆனால் திங்கட்கிழமையும் பேசாமல் இருக்காதீர்கள். நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவன். மாதக் கடைசியில் ஒரு பட்டியலில் வரி தவறாகப் பதிவாகிவிட்டதற்காக, வாடிக்கையாளர் அமர்ந்திருக்கும்போதே என் மேலதிகாரி கோப்பை மேசைமீது எறிந்து பேசினார். நானும் அதே குரலில் திருப்பிப் பேசிவிட்டு, அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். அதன் பிறகு அனுபவச் சான்றிதழைப் பெறுவதற்கு ஐந்து மாதம் அலைந்தேன். அந்த ஐந்து மாதமும் அப்பாவின் ஓய்வூதியத்தில் சாப்பிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். இருந்தும், வாயை மூடிக்கொண்டு அங்கேயே இருந்திருந்தால் இன்றைக்கு நான் என்னவாக ஆகியிருப்பேன் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் பதினான்கு ஆண்டுகள் அப்படி இருந்தார். தொலைபேசி மணி அடித்தாலே அவருக்குக் கை நடுங்கும். நான் செய்ததைச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. அடங்கிப் போவதற்கும் ஒரு விலை இருக்கிறது, அது சம்பளச் சீட்டில் தெரியாது என்று மட்டும் சொல்கிறேன்.

பழைய வட ஆற்காடு:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த 1986இல், இராணிப்பேட்டையில் ஒரு பொறியியல் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவன் நான். ஓய்வு பெறுவதற்குள் என் ஊர் மூன்று மாவட்டங்களின் பெயரைப் பார்த்துவிட்டது. முதல் சில ஆண்டுகள் திட்டு வாங்கியவன். சூப்பர்வைசரான பிறகு, மீதி ஆண்டுகள் முழுவதும் திட்டியவன். இரண்டு பக்கமும் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அவர் உங்களிடம் சொன்னதில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. 64 ஜோடிகளில் நிறம் மாறியிருக்கிறது என்பது ஒன்று. உங்களுக்குக் கண் தெரியாது, இந்த வேலைக்கு நீங்கள் தகுதியில்லை என்பது மற்றொன்று. முதலாவதற்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். அது உங்கள் வேலை. இரண்டாவதற்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை; அதைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கும் உரிமை மட்டுமே உண்டு. திட்டு வாங்கியவர்களில் பெரும்பாலானோர் இரண்டாவதை எண்ணி எண்ணி நொந்து, முதலாவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அடுத்த மாதம் அதே தவறு மறுபடியும் நடக்கிறது. "பார்த்தாயா, நான் அன்றைக்கே சொன்னேன்" என்று மேலாளர் தன் சொற்களுக்கு நியாயம் தேடிக்கொள்கிறார்.

ஆகவே, திங்கட்கிழமை வேலை தொடங்கும் முன்பே போய்விடுங்கள். மணி அடித்த பிறகு போனால் மறுபடியும் நாற்பது பேர் பார்ப்பார்கள். அவருக்கும் இறங்கி வர மனம் வராது. அவர் அறையில், தனியாக, கையில் அந்தத் தோல் துண்டுகளோடு நில்லுங்கள். வெறுங்கையோடு போனால் பேச்சு அவருடைய கோபத்தைப் பற்றியும் உங்கள் வருத்தத்தைப் பற்றியும்தான் போகும். பொருளோடு போனால் பேச்சு பொருளைப் பற்றிப் போகும். அங்கே நீங்கள் அவருக்குச் சமமாக நிற்கலாம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1991 என்று நினைவு. ஒரு குழாய் இணைப்பில் நீரழுத்தச் சோதனை வைத்தபோது ஃபிளாஞ்சிலிருந்து, அதாவது குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டிலிருந்து, தண்ணீர் பீய்ச்சி அடித்தது. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். வரிசையாக முறுக்கினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்த ஃபிட்டர் அவசரத்தில் வரிசையாக முறுக்கிவிட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டு, பயிற்சிக்கு வந்திருந்த பையன்கள் ஏழெட்டுப் பேர் முன்னால், அவருடைய பத்தாண்டு அனுபவத்தையே கேலி செய்து பேசினேன். அவர் என்னைவிட வயதில் மூத்தவர். பதில் பேசாமல் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கசிவைத் தடுக்க உள்ளே வைத்திருந்த கேஸ்கெட்டை எடுத்து, என் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ஸ்டோரிலிருந்து கொடுத்த கேஸ்கெட்டின் தடிமன் வேறு. அதை ஸ்டோரிலிருந்து எடுத்துவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

மறுநாள் அவரைத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை: "பசங்க முன்னாடி திட்டின, தனியா வந்து மன்னிப்புக் கேக்கற. பசங்களுக்கு நான் இன்னும் வேலை தெரியாதவன்தானே?" அன்று மாலை அந்தப் பையன்களை வரவழைத்து, அவர்கள் முன்னால் சொன்னேன். என் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் திட்டு எந்த இடத்தில் விழுந்ததோ அந்த இடத்திலேயே அதை எடுக்க வேண்டும் என்பதை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நீங்களும் அதைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு கேள்வி: ஆறு ஆண்டுகள் அனுபவமுள்ள உங்கள் கண்ணை 64 ஜோடிகள் எப்படித் தாண்டிப் போயின? எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்?

மாதனூர் வாசகி:

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் நானும் உட்கார்ந்து யோசித்தேன். முன்பு என் மேசை வடக்குப் பார்த்த ஜன்னலை ஒட்டி இருந்தது. தோலைத் தரம் பிரிப்பவர்கள் வடக்கு வெளிச்சத்தில்தான் நிறம் பார்ப்பார்கள். நேரடியாக வெயில் படாமல் நாள் முழுவதும் ஒரே சீராக இருக்கும் என்பதால் அது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். இரண்டு மாதத்துக்கு முன்னால் புதிய தையல் வரிசை ஒன்றைப் போட்டபோது என் மேசையைக் கூடத்தின் நடுவில், டியூப் லைட்டுக்குக் கீழே நகர்த்திவிட்டார்கள். நான் அப்போதே சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. நிறம் பார்ப்பதற்கென்றே ஒரு லைட் பாக்ஸ் தொழிற்சாலையில் இருக்கிறது, ஆனால் அது சாம்பிள் அறையில், பூட்டுக்குள் இருக்கிறது.

அந்தப் பழுப்புத் தோல் இரண்டு டிரம்களில் சாயம் ஏற்றி வந்தது. சாயக் கலவை சற்று மாறினாலும் டியூப் லைட்டில் ஒன்றுபோலத் தெரிவது பகலில் வேறாகத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கையெழுத்துப் போட்டேன். அவசரம் என்றார்கள், போட்டுவிட்டேன்.

வழக்குரைஞர், சத்துவாச்சாரி:

சம்பளப் பிடித்தம் பற்றி மேலாளர் சொன்னதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்றதில் மேலே எழுதிய பெரியவரைவிட நான் அதிகம் சொல்ல இயலாது.

1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் இந்த விஷயத்தில் ஒரே வழியில்தான் செல்கின்றன. அபராதம் என்று பிடித்தால், அந்த ஊதியக் காலத்துச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் விதிக்கக் கூடாது. தவணை முறையில் வசூலிக்கக் கூடாது. 90 நாட்களுக்குப் பிறகு வசூலிக்கக் கூடாது. பொருள் சேதத்துக்காகப் பிடிப்பது தனி வகை. அதிலும் சேதம் அந்தத் தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்டதாக இருக்க வேண்டும். உண்மையான இழப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது. விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். மேசையை இடம் மாற்றியது நிர்வாகம் என்பதால், உங்கள் விளக்கத்தில் அதுவே முதல் வரியாக இருக்க வேண்டும். இன்றே எழுதுங்கள், தேதி போடுங்கள், ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டியதற்காகவே வழக்குப் போடலாமா என்று பலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். வேலை தொடர்பாக மேலதிகாரி கண்டிப்பதை மட்டும் வைத்து, அமைதியைக் குலைக்கத் தூண்டும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதித்த குற்றமாகக் கொள்ள முடியாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே நீதிமன்றத்தை நம்பி நிம்மதியை ஒத்திவைக்காதீர்கள். ஆனால் எல்லை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பலர் பார்க்கும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். பெண்ணிடம் பாலியல் தொனியில் பேசினால், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும் அந்தப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அதனிடம் புகார் கொடுக்கலாம். உங்கள் மேலாளர் பேசியது இவ்விரண்டிலும் சேராது என்று நினைக்கிறேன். அது கேவலமான பேச்சு. ஆனால் அதை நேருக்கு நேர்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

குடியாத்தம் கண்காணிப்பாளர்:

இங்கே மேலாளர் பக்கம் பேச ஒருவரும் இல்லை என்பதால் எழுதுகிறேன். நானும் காலணித் தொழிலில் இருப்பவன், வேறு ஊரில், வேறு நிறுவனத்தில். நானும் திட்டுகிறேன். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

கப்பல் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் செலவு தொழிற்சாலையின் தலையில் விழும். ஒரு கன்டெய்னர் அப்படிப் போனால் அந்த ஆர்டரில் கிடைத்த இலாபம் முழுவதும் போய்விடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, எங்கள் பக்கத்தில் ஆர்டர் நின்றுபோய் ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை வந்துவிடுமோ என்று இரவெல்லாம் கண் விழித்திருந்தவர்கள் உண்டு. மேலே இருப்பவர் தொலைபேசியில் எங்களைக் கிழிக்கிறார். கீழே இருப்பவர்களிடம் மென்மையாகச் சொன்னால் வேலை நடப்பதில்லை. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்ற நிலையில்தான் நாங்கள் இருக்கிறோம். 64 ஜோடி என்பது 64 ஜோடியோடு முடிவதில்லை. அந்த ஆய்வாளர் மீதி ஆயிரத்தையும் சந்தேகத்தோடு பிரித்துப் பார்ப்பார்.

கோபம் இருக்கும் இடத்தில்தான் குணம் இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். திட்டிய அடுத்த நிமிடமே நாங்கள் மறந்துவிடுகிறோம். நீங்களும் மறந்துவிடலாமே, அம்மா?

இரவுப்பணிச் செவிலி:

கண்காணிப்பாளர் ஐயாவுக்கு எழுதுகிறேன். நீங்கள் மறந்துவிடுகிறீர்கள் என்பதை நம்புகிறேன். வாங்கியவர்கள் மறப்பதில்லை என்பது மட்டுமே இங்கே சிக்கல் என்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். திட்டு வாங்கியவர் அடுத்த முறை என்ன செய்கிறார் என்பதை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் செவிலியர் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு. இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியின் இரத்த அழுத்தம் சற்று இறங்கியிருந்தது. பணியில் இருந்த மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பினேன். அவர் வந்து பார்த்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. உடனே, நோயாளியின் உறவினர்கள் நின்றிருக்கும்போதே, "இதுக்குக்கூட என்னை எழுப்பணுமா? படிச்சுத்தான் வந்தியா?" என்று கேட்டார். அவர் இரண்டு நாளாகத் தூங்காதவர் என்று எனக்குத் தெரியும். அவர்மீது எனக்கு இன்றும் பகை இல்லை.

ஒன்பது நாட்கள் கழித்து, அதே வார்டில், வேறொரு நோயாளிக்கு அழுத்தம் இறங்கத் தொடங்கியது. தொலைபேசியை எடுத்தேன், வைத்துவிட்டேன். இன்னொரு முறை அளந்து பார்த்துவிட்டு அழைக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அளந்தேன். கருவியில் கோளாறாக இருக்கலாம் என்று வேறு கருவி கொண்டுவந்து அளந்தேன். அழைப்பதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டது. அந்த நோயாளி பிழைத்துவிட்டார். பிழைக்காமல் போயிருந்தால், பதிவேட்டில் அந்த இருபது நிமிடத்துக்கு நேராக என் பெயர்தான் இருந்திருக்கும். ஒன்பது நாள் முன்னால் சொல்லப்பட்ட அந்த வாக்கியம் எந்தப் பதிவேட்டிலும் இருந்திருக்காது.

திட்டினால் தவறு குறைகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். குறைவது தவறு அல்ல, உங்கள் காதுக்கு வரும் செய்தி. இப்போது நான் வார்டுப் பொறுப்பில் இருக்கிறேன். புதிதாக வரும் பெண்களிடம் முதல் நாளே சொல்வது இதுதான்: சந்தேகம் வந்தால் என்னை எழுப்புங்கள், வீண் சந்தேகமாக இருந்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்ன பிறகு சில இரவுகளில் வீணாக எழுந்திருக்கிறேன்; எழுந்திருந்து, நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் படுத்திருக்கிறேன். எளிதாக இல்லைதான்.

மாதனூர் சகோதரிக்கு ஒரு வார்த்தை: நாற்பது பேரின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டீர்கள். அந்த நாற்பது பேரும் உங்களைக் குறைவாக நினைத்துக்கொண்டிருக்கவில்லை. நாளை இது நமக்கும் நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குடியாத்தம் கண்காணிப்பாளர்:

செவிலி அம்மா எழுதியதைப் படித்தபின் உடனே பதில் எழுத இயலவில்லை. சென்ற மாதம் எங்கள் தொழிற்சாலையில் மேல்தோலை அச்சில் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் இயந்திரத்தின் வெப்பம் கூடுதலாக இருந்ததை இயக்குபவர் காலையிலேயே பார்த்திருக்கிறார். மாலை வரை யாரிடமும் சொல்லவில்லை. "ஏன் சொல்லவில்லை?" என்று நான் அவரைத்தான் கேட்டேன். நான் கேட்க வேண்டிய ஆள் வேறு என்பது இப்போதுதான் புரிகிறது. மென்மையாகச் சொன்னால் வேலை நடக்காது என்று நான் எழுதியதை முழுவதுமாக விட்டுக்கொடுக்க இன்னும் மனம் வரவில்லை. ஆனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேசுவது, எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவே பேசுவது. அதற்கு நியாயம் இல்லை.

பழைய வட ஆற்காடு:

அம்மா, நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளாவிட்டால் ஒன்று கேட்கிறேன். என்னிடம் திட்டு வாங்கியவர்கள் நேராக வீட்டுக்குப் போனதில்லை. வழியில் அதை யாரிடமாவது இறக்கி வைத்துவிட்டுத்தான் போவார்கள். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். வியாழக்கிழமை மாலை உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் யாரிடமாவது ஏதாவது சொன்னீர்களா?

மாதனூர் வாசகி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் பேருந்துக்குக் காத்திராமல், அதற்கு முந்தைய பேருந்தில் போய்விட்டேன். ஒதுக்கி வைத்திருந்த கட்டிலிருந்து ஒரு ஜோடியின் முன்பகுதித் துண்டுகள் இரண்டை எடுத்துக்கொண்டு, எட்டே கால் மணிக்கு மேலாளர் அறைக்குப் போனேன். அவர் மேசைமீது டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. இரண்டையும் அதன் கீழே வைத்து, "இதில் வேறுபாடு தெரிகிறதா, சார்?" என்று கேட்டேன். அவர் கையில் எடுத்து, திருப்பி, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லையே" என்றார். மாடிப்படி ஜன்னல் வரை வரச் சொன்னேன். அங்கே வெளிச்சத்தில் பிடித்தபோது ஒன்றில் சிவப்பு தூக்கலாகவும் மற்றொன்றில் மஞ்சள் ஓடியும் இருந்தது. அவர் இரண்டு துண்டுகளையும் பிடித்தபடி நெடுநேரம் நின்றார்.

அப்போதுதான் சொன்னேன்: "கையெழுத்து என்னுடையது, அதற்கு நான் பொறுப்பு. என் மேசை மறுபடியும் ஜன்னலுக்கு வர வேண்டும், அல்லது லைட் பாக்ஸ் என் மேசைக்கு வர வேண்டும். என் தவறுகளை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் இந்த அறையில் சொல்லுங்கள். ஆனால் எனக்குக் கண் தெரியாது என்று வரிசை முன்னால் சொன்னதை வரிசை முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும்." குரல் நடுங்கியது, ஆனால் சொல்லி முடித்துவிட்டேன். எழுதி வைத்திருந்த விளக்கத்தையும் கொடுத்தேன். நகல் என்னிடம் இருக்கிறது.

அவர் "பார்க்கலாம், போ" என்றார். புதன்கிழமை மேசை ஜன்னலுக்குப் போய்விட்டது. சம்பளத்தில் பிடித்தம் இல்லை. திரும்பப் பெறுவது மட்டும் நடக்கவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது என் மேசைக்கு வந்து, "உன் கண்ணுக்கு இப்ப கலர் சரியா வருதா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். அந்த இரைச்சலில் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவரளவில் அது ஒரு முயற்சி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது போதாது, மறுபடியும் கேட்பேன்.

ஐயா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னிடம் உதவியாளராக ஒரு பெண் இருக்கிறாள்; பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தவள், பத்தொன்பது வயது. ஒரே தோலிலிருந்து வெட்டிய வலதும் இடதும் பிரிந்துவிடாமல் இருக்க எண் ஒட்டிக் கட்டுவது அவள் வேலை. வியாழக்கிழமை மேலாளர் போன பிறகு அவள் கையிலிருந்து ஒரு கட்டு நழுவி விழுந்தது. "உனக்கெல்லாம் யாரு இந்த வேலையைக் குடுத்தது?" என்று கேட்டேன். அதே சொற்கள். நீங்கள் கேட்கும் வரை அது எனக்கு நினைவிலேயே இல்லை.

செவ்வாய்க்கிழமை தேநீர் இடைவேளையில் இயந்திரங்கள் நின்றன. அன்று கேட்டவர்களில் ஏழெட்டுப் பேர் பக்கத்திலேயே இருந்தார்கள். அவள் பெயரைச் சொல்லி அழைத்து, அன்று சொன்னது தவறு என்றும், அவள் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றும் அவர்கள் காதில் விழும்படி சொன்னேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எல்லோரும் நகர்ந்த பிறகு என் அருகில் வந்து, "அக்கா, அன்னைக்குக் கீழ விழுந்த கட்டுல நம்பர் மாறியிருக்குது. அப்பவே பார்த்தேன். சொன்னா இன்னும் திட்டுவீங்கன்னு அப்படியே கட்டி வெச்சுட்டேன்" என்றாள்.

அந்தக் கட்டு தையலுக்குப் போகாமல் அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. இருவரும் அதை ஜன்னலுக்கு எடுத்துப்போய்ப் பிரித்தோம். 11 ஜோடிகளில் எண் மாறியிருந்தது.